முன்பின் அறியாதவரிடம் யோசனை கேட்டல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



பெரிய தத்துவம் எதனையும் விரித்துரைக்க நாம் இன்று முன்வரவில்லை. நாள்தோறும் செய்துகொண்டே, ஒருபோதும் எண்ணிப்பாராத ஒரு காரியத்தையே எடுத்துக்கொண்டோம். முன்பின் அறியாத ஒருவரிடம், "ஐயா, இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கிறோமே, அதுவே இன்றைய பொருள்.

நம் குடாநாட்டிலே இது புதிய வழக்கமன்று. திருநெல்வேலிச் சந்தையிலே பக்கத்தில் நிற்பவரிடம், நல்ல விதைவெண்காயம் எங்கே கிடைக்குமென்று கேட்கிறோம். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரிடம், கூரைக்கு எந்த மரம் உளுத்துப்போகாது என்று கேட்கிறோம். கேட்பவருக்கு வெட்கமில்லை; சொல்பவருக்குக் கூலியில்லை. இனத்தவரிடம் கேட்டால் இளக்காரமாய் எண்ணுவரோ என்று கூசும் கேள்வியையும், நாளை காணப்போகாத ஒருவரிடம் தயங்காது கேட்டுவிடலாம். கைத்தொலைபேசி வந்தபின் இவ்வசதி பன்மடங்கு பெருகிவிட்டது. கனடாவில் இருப்பவர் கோண்டாவில் தோட்டத்து மிளகாய்க்கு மருந்து சொல்லுகிறார்.

இது நல்லதே. ஆயினும் எல்லாக் கேள்வியும் ஒரு தன்மையின அல்ல. வழி பிழையானால் சிறிது தூரம் கூட நடக்கவேண்டும். மரம் பிழையானால் பணம் நட்டம். கிணற்று நீரைக் குறித்த யோசனை பிழையானால் நட்டம் யாருக்கு?

நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. சுண்ணக்கல்லின் கீழே தங்கும் மழைநீரே நமக்கு உயிர். அக்கல்லோ வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. தோட்டத்திலிட்ட உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அதனூடே எளிதில் இறங்கிவிடும். அதனாலே நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு மிகுதியாய் உள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. "தண்ணீரில் ஐயமிருந்தால் கொதிக்க வையுங்கள்" என்று எவரும் நல்லெண்ணத்தோடு சொல்வர். கிருமிக்கு அது சரியான யோசனை. நைத்திரேற்றோ கொதித்தலால் நீங்காது. நீர் ஆவியாய்ப் போக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். அந்நீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமை குன்றி, உடல் நீலம் பாரிக்கவும் கூடும். சொன்னவர் பொய்யரல்லர். தமக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாத மற்றொன்றுக்கும் பொருத்திச் சொன்னார்; அவ்வளவே.

சுன்னாகத்தில் நடந்ததும் நினைவிருக்கும். மின்னிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, "குடிக்கலாமா?" என்பதே வீடுதோறும் கேள்வியாயிற்று. ஆமென்றவரும் உளர், இல்லையென்றவரும் உளர். முடிவில் வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அங்கு இயங்கிய மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டுமென 2019இல் தீர்ப்பாயிற்று. சந்தியில் நின்று தீர்க்கக்கூடிய கேள்வியா அது? நீரை எடுத்துப் பரிசோதித்தவரே சொல்லத்தக்கது அன்றோ?

பிறநாட்டிலும் இது பழைய கதை. 1691ஆம் ஆண்டிலே இலண்டனில் ஜோன் டன்ரன் என்பவர், வாசகர் பெயர் கூறாது அனுப்பும் வினாக்களுக்கு விடையளிக்கவென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். கற்றோர் சபை ஒன்றே விடை கூறுவதாக வாசகர் நம்பினர். உண்மையில் எழுதியவர்கள் டன்ரனும் அவரைச் சேர்ந்த ஒரு சிலருமே. முகந்தெரியாத வாயிலிருந்து வரும் சொல்லுக்கு, அதற்குரியதிலும் மேலான கனம் ஏறிவிடுவது அன்றுமுதல் உள்ளதே. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்தபின் நம்பு என அரசனுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

ஆகவே இளைஞர்களே, கேட்கும்போது முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். மண் எது, கிணறு எவ்வளவு ஆழம், குடிப்பவர் யார் என்று சொல்லாத கேள்விக்குச் சரியான விடை வராது. விடை கிடைத்ததும், "இதை எப்படி அறிந்தீர்கள்?" என்று பணிவோடு வினவுங்கள். உயிரையும் உடலையும் தொடும் காரியமாயின், அதனை உரியவரிடம் கொண்டுபோங்கள். பயிருக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. எந்தக் கந்தோருக்குப் போவதென்று தெரியாவிடின் 1919 உண்டு. குடிநீருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களைக் கேட்டு வருபவர்கள் உங்கள் நரைக்கு மதிப்புக் கொடுத்து வருகிறார்கள். அறிந்ததைத் தாராளமாய்ச் சொல்லுங்கள். அறியாததை "அறியேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் உங்கள் மதிப்புக் குறையாது. ஒரு குழந்தை பிழைக்கவும் கூடும்.

யோசனை பெற்றவர் திரும்பிவந்து, பலித்ததா இல்லையா என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் பிழையான யோசனையும் ஊரெல்லாம் உலாவுகிறது. நம் சங்க வாசிகசாலை மேசையில் ஒரு குறிப்பேடு வைப்போம். கேள்வியும், சொன்ன யோசனையும், நடந்த பலனும் அதில் ஏறட்டும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் அதன் முதற் பக்கங்களை நிரப்புவது உங்கள் பொறுப்பு.