கொலையுண்டவளிடம் ஏன் அச்சம்?

(திருவண்ணாமலை, ரமணாசிரமப் பகுதியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பேய்ப் படங்களில் பெண்கள் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். "அமைதி நாடி மக்கள் வந்து சேரும் மலையடிவாரத்தில் பேயைப் பற்றிப் பேச்சா?" என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். இதைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை என்றேன். காரணம் கூறுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இடத்திற்குக் கூப்பிடு தொலைவில் ரமணாசிரமம் இருக்கிறது. அந்த ஆசிரமம் எதனைச் சுற்றி எழுந்தது? ஒரு பெண்ணின் சமாதியைச் சுற்றி எழுந்தது. ரமணரின் அன்னை அழகம்மாள் 1922-ஆம் ஆண்டில் மறைந்தார். மலையின் தென்புற அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தனர். மேலே கந்தாசிரமத்தில் வாழ்ந்துவந்த மகன், அந்த ஆண்டின் இறுதியில் கீழே இறங்கிச் சமாதியின் அருகிலேயே தங்கிவிட்டார். குடிசை எழுந்தது, கட்டடம் எழுந்தது, சமாதியின் மீது கட்டிய மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949-இல் குடமுழுக்கும் நடந்தது. நம்பிக்கையுடையோர் அதனை ஞானத்தின் பெருமை என்பர். இல்லாதோர் தாயன்பின் பெருமை என்பர். அந்த வழக்கில் நான் நுழையப்போவதில்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் அருகில் பிள்ளை குட்டிகளோடு சென்று அமர்ந்து, மனம் ஆறித் திரும்புகிறோம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அதே நாம், படக்கொட்டகையில் விளக்கு அணைந்ததும், இறந்துபோன இன்னொரு பெண்ணைக் கண்டு அலறுகிறோம். ஏன்?

அவள் கொடியவள் என்பதாலா? படத்தை இறுதிவரை பாருங்கள். பெரும்பாலான படங்களில் அவள் கொல்லப்பட்டவள். கணவனாலோ, காதலனாலோ, பண்ணையாராலோ, அரசனாலோ உயிர் பறிக்கப்பட்டவள். 2005-இல் வந்த 'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் வேட்டையன் ஆசைப்பட்டான் என்பதற்காக அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி அவள். அவள் விரும்பியவனின் தலை வெட்டப்படுகிறது. அவளும் உயிரோடு கொளுத்தப்படுகிறாள். இந்தக் கதையில் அஞ்சத் தக்கவர் யார்? கொளுத்தினவனா, கொளுத்தப்பட்டவளா? ஆயினும் கொட்டகையில் நம் நெஞ்சு படபடப்பது அவள் சலங்கை ஒலி கேட்கும்போது!

இந்தப் படங்களின் அமைப்பே அப்படி. இரண்டு மணி நேரம் அவள் நம்மை அச்சுறுத்துகிறாள். பிறகு பத்து நிமிடம் முன்கதை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவள் மனிதப் பிறவியாக இருந்தாள், சிரித்தாள், ஆசைப்பட்டாள், ஏமாற்றப்பட்டாள் என்று அறிகிறோம். அறிந்து முடிப்பதற்குள் பழிவாங்கல் வந்துவிடுகிறது, வேப்பிலை வந்துவிடுகிறது, அவள் போய்விடுகிறாள். உயிரோடு இருந்த காலத்திற்குப் பத்து நிமிடம், இறந்த பிறகு இரண்டு மணி நேரம் என்பது அவளுக்கு நாம் செய்து வைத்திருக்கும் பங்கீடு.

பங்கீடு என்றேன். சொத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பேய்ப் படம் என்றால் ஒரு மாளிகை உண்டு. மாடியில் பூட்டிய அறை உண்டு. "இது என் வீடு, வெளியே போ!" என்று அவள் முழங்குவாள். உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் அவள் பெயருக்கு ஒரு சதுர அடி உண்டா? பட்டாவில் அவள் பெயர் ஏறியதுண்டா? இறந்த பிறகே அவளுக்கு ஒரு வீடு வாய்க்கிறது! 1966-இல் ஜெயலலிதா நடித்த 'யார் நீ?' படத்தில் வெள்ளைப் புடவையில் உலவிய உருவம் பேயே அன்று. பேய் போன்ற நாடகம். அந்த நாடகத்தின் பின்னால் இருந்தது சொத்துக்கான சூழ்ச்சி. 2011-இல் வந்த 'காஞ்சனா'வில் திருநங்கை ஒருத்தி கொல்லப்படுவதும் நிலத்திற்காகவே. அச்சத்தின் வேரைத் தோண்டினால் அடியில் பத்திரம் கிடக்கிறது, தோழர்களே!

பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியா முழுமைக்கும் வந்தது 2005-இல். 'சந்திரமுகி' திரைக்கு வந்த அதே ஆண்டு! மாளிகையில் தனக்கு இடம் கேட்ட பெண்ணைக் கொட்டகையில் பேயாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டில், மகளுக்கும் மகனுக்கும் பங்கு சமம் என்று நாடாளுமன்றம் எழுதியது.

அடுத்து, அவள் பழிவாங்க வேண்டுமானாலும் அதற்கொரு தகுதி வேண்டும். 2009-இல் வந்த 'ஈரம்' நல்ல படம். ஐயத்தின் பேரில் மனைவியைக் கொல்கிறான் கணவன். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார் அவளைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசியிருக்கின்றனர். தண்ணீர் வழியாக வருகிறது அவளுடைய பழி. கொன்றவன் கணவன் என்று துணிந்து சொன்னதற்காக அந்தப் படத்தைப் பாராட்டுகிறேன். எனினும் ஒரு கேள்வி: அவள் மாசற்றவள் என்று மெய்ப்பித்த பிறகே நம் மனம் அவள் பக்கம் சாய்கிறதே, ஒருவேளை அவள் வேறொருவனை விரும்பியிருந்தால்? அப்போது கொலை கொலை ஆகாதா? பேயானாலும் கற்புச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் நீதி என்கிறோமே, இது எந்த நாட்டு நீதி?

இறந்தவள் நிலை இது. உயிரோடு இருப்பவள் நிலை என்ன? 1978-இல் வந்த 'ஆயிரம் ஜென்மங்கள்' முதல் இன்றுவரை, ஆவி புகும் இடம் பெரும்பாலும் மனைவியின் உடல். அடக்கமான மனைவி ஒருநாள் உரத்துச் சிரிக்கிறாள். தலையை விரித்துப் போடுகிறாள். கணவனை எதிர்த்துப் பேசுகிறாள். உடனே, "இவள் இவளாக இல்லை" என்கிறார்கள். கோபம் வந்தால் அவள் அவளாக இல்லையாம்! 'சந்திரமுகி' இதை நோய் என்று சொன்னது, மனநல மருத்துவரைக் கதாநாயகன் ஆக்கியது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் அங்கும் மருத்துவர் பக்கத்தில் மாந்திரீகர் நின்றாக வேண்டியிருந்தது. மனநோயை ஆவியின் வேலை என்று நம்பியதன் விலை என்ன? 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வெள்ளித்திரை மட்டும் இன்னும் அந்தச் சங்கிலியைக் கழற்றவில்லை.

பேயாக வரும் பெண் வெளிநாட்டிலிருந்து நமக்கு இறக்குமதி ஆனவள் அல்லள். சப்பானியரிடம் கணவனால் வஞ்சிக்கப்பட்ட ஓய்வா என்பவளின் கதை 1825 முதல் நாடகமாக நடந்துவருகிறது. நம்மிடம் அதற்கும் மிக முந்தியவள் பழையனூர் நீலி. கணவன் கையால் மாண்டவள், மறுபிறவியில் அவனைத் தேடி வருகிறாள். ஊர் அவையில் நின்று வழக்குரைக்கிறாள். எழுபது வேளாளர் பிணை நிற்கின்றனர், அவன் மாள்கிறான், சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். திருஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே அந்த நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். எழுபதின்மரின் வாய்மையைப் போற்றினோம், சரியே. நீலிக்கு என்ன கொடுத்தோம்? 'நீலிக் கண்ணீர்' என்ற வசையைக் கொடுத்தோம்! அவள் முதலில் கொல்லப்பட்டதை மறந்தோம். அவள் அழுதது பொய் என்பதை மட்டும் மொழியில் பதித்துவைத்தோம். இன்றைக்கும் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறையிட வந்தால், முதலில் நம் வாயில் வரும் சொல் அதுதானே?

ஆனால் தமிழில் இன்னொரு வழியும் இருந்தது. சமணர் ஒருவர் அதே நீலியை எடுத்து 'நீலகேசி' என்ற காப்பியம் செய்தார். அதில் அவள் அலறவில்லை. அவைதோறும் சென்று பௌத்தரோடும் வேதவாதியோடும் வாதிட்டு வெல்கிறாள். பேயாகத் திரிந்தவளுக்கு அந்தப் புலவர் தந்தது பேச்சு. நம் வட்டாரத்து வீடுகளையும் பாருங்கள். குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று அழைத்து, திருமணத்துக்கு முன் புதுப்புடவை வைத்துப் படைக்கின்றனர். அவளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்ற உறுத்தல் அதில் இருக்கிறது. நம் படங்களில் இல்லாதது அந்த உறுத்தல்தான்.

"பொழுதுபோக்கை ஏன் இப்படி ஆராய வேண்டும்? பழிவாங்கும் பெண்ணைப் பார்த்து நம் பெண்கள் கைதட்டுகிறார்களே" என்று கேட்கலாம். தட்டுகிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் கிடைக்காதது அங்கேயாவது கிடைக்கிறதே என்று தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் நமக்குப் பெருமை தராது. 2014-இல் 'பிசாசு' என்ற படம், தன் சாவுக்குக் காரணமானவனையும் காக்கும் ஆவியைக் காட்டியது, மனம் கசிந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பழிவாங்கினால் பேய், மன்னித்தால் தெய்வம். இந்த இரண்டுக்கும் நடுவே, வாதாடி உரிமை பெற்று வாழ்கிற பெண்ணுக்கு இடம் எங்கே?

திரைக்கு வெளியே அந்த இடத்தைச் சட்டம் ஓரளவு ஏற்படுத்தியிருக்கிறது. கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் பிரிவு 1983-இல் வந்தது. வரதட்சணைச் சாவுக்கான பிரிவு 1986-இல் வந்தது. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். படத்தில் பத்து நிமிடம் ஓடும் முன்கதையை நாட்டில் கேட்பதற்கு ஏற்பட்டது அந்த விசாரணை. அதைச் சொல்ல யார் வர வேண்டும்? சுவருக்கு அப்பால் அவள் அழுகுரலைக் கேட்ட அண்டை வீட்டார் வர வேண்டும். 'ஈரம்' படத்தின் குடியிருப்பில் இருந்தவர்களைப் போன்ற நீங்களும் நானும் வர வேண்டும்.

அந்த விசாரணையும் அவள் இறந்த பிறகு நடப்பது என்பதை மறவாதீர்கள். அடுத்த வீட்டில் அடிவிழும் ஓசை கேட்கும் இரவில், "குடும்பச் சண்டை, நமக்கேன்" என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டாதீர்கள். எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். உயிரோடு இருக்கிறவளின் முன்கதையை அவள் வாயாலேயே கேளுங்கள். அவள் அழுதால், நீலிக் கண்ணீர் என்று சொல்லாதீர்கள்.