சாயங்காலப் பசிக்கு ஒரு ராகி மஃபின்



எனக்குக் கொடுத்த தலைப்பு, "வீட்டிலேயே சத்தான மஃபின் செய்வது எப்படி?" மஃபின் என்றால் வேறொன்றுமில்லைங்க. நம்ம பிள்ளைங்க பேக்கரியில் கேட்டு வாங்குகிற கப் கேக்குக்குப் பங்காளி. கிரீம் கிடையாது, அவ்வளவுதான்.

"கம்பஞ்சோறும் ராகிக்களியும் சாப்பிட்ட ஊருல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நம்ம பிள்ளைங்களோட ஒரு நாளைக் கணக்குப் பார்க்கணும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. இன்று அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு. பல பள்ளிகளில் அதைச் சமைப்பதே நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். மதியம் முட்டையோடு சத்துணவு. ஆக இரண்டு வேளை பள்ளிக்கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. நாலு மணிக்குப் பள்ளி விடுகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மா வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை தாண்டிவிடும். இந்த நாலரை மணி நேரப் பசிக்கு எந்தத் திட்டமும் இல்லைங்க. நாம் டப்பா மேல் வைத்துவிட்டுப் போகிற இருபது ரூபாய்தான் இருக்கு. அது பப்ஸாகவும், கிரீம் பன்னாகவும், பாக்கெட் கேக்காகவும் வயிற்றுக்குள் போகுது. களி கிண்டிச் சாப்பிட எட்டு வயசுப் பிள்ளையால் முடியாது. டப்பாவைத் திறந்து எடுத்துச் சாப்பிட முடியும். அதனால்தான் மஃபின்.

நாம் வெளிநாட்டுச் சட்டைக்கு லேபிள் வைத்துத் தைக்கிறோம். ஒரு லேபிள் கோணலாக இருந்தாலும் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்துவிடும். ஆனால் பிள்ளை பிரித்துத் தின்கிற பாக்கெட்டின் லேபிளைப் படிக்கிறோமா? எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடணும், அடுத்து அதைவிடக் குறைந்தது என்று வரிசையாகப் போடணும். இது சட்டம். பல கேக் பாக்கெட்டுகளில் மைதாவும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும். அடுத்த தடவை கடையில் திருப்பிப் பாருங்க.

இப்போ ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "நாட்டுச்சக்கரை போட்டால் எவ்வளவு வேணுமானாலும் சாப்பிடலாம்" என்பது உண்மை இல்லைங்க. நாட்டுச்சக்கரையும் பெரும்பாலும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள், இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் குடிக்கிற டீயிலேயே அது தீர்ந்துவிடும். ஆகவே எந்தச் சர்க்கரை என்பதைவிட எத்தனை கிராம் என்பதுதான் முக்கியம். துணிக்கு ஜி.எஸ்.எம். பார்க்கிற ஊர் நம்ம ஊர். மாவுக்கும் தராசு வைப்போம்.

பன்னிரண்டு மஃபினுக்கு அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்க. கோதுமை மாவு 150 கிராம், லேசாக வறுத்த ராகி மாவு 50 கிராம், நாட்டுச்சக்கரை 80 கிராம், நன்றாகப் பழுத்த வாழைப்பழம் உரித்த எடையில் 200 கிராம், கடலை எண்ணெய் 50 மில்லி, தயிர் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. முட்டை சேர்ப்பவங்க ஒன்று சேர்க்கலாம்.

சாதாரணக் கேக்கில் மாவும் சர்க்கரையும் கிட்டத்தட்டச் சம எடை. 200 கிராம் மாவுக்கு 200 கிராம் சர்க்கரை போட்டால் ஒரு கேக்குக்கு 17 கிராம் வரும். நம்ம அளவில் 7 கிராம்கூட இல்லை. மீதி இனிப்பை வாழைப்பழம் கொடுத்துவிடும்.

நாட்டுச்சக்கரையைக் கால் டம்ளர் சுடுதண்ணியில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்க. அதில் பழத்தை மசித்து, தயிர், எண்ணெய் கலக்கணும். மாவு, பவுடர், சோடா, உப்பை ஒன்றாகச் சலித்து அதில் கொட்டி, ஏலக்காயும் கடலையும் சேர்த்து, பத்துப் பதினைந்து சுற்று மட்டும் கிளறுங்க. இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கணும். ரொம்பக் கலக்கினால் கோதுமை மாவு பசை விட்டு எலாஸ்டிக் மாதிரி இழுக்கும். ராகியில் அந்தப் பசை இல்லை. அதனால் முழுக்க ராகி போட்டால் உதிர்ந்துவிடும், நாலில் ஒரு பங்கு போதும். தயிரோடு சோடா சேர்ந்ததும் பொங்க ஆரம்பித்துவிடும். கலக்கியதை அப்படியே வைக்காமல் உடனே அடுப்பில் ஏற்றுங்க.

ஓவன் வேண்டாம். அனுப்பர்பாளையத்து இட்லிப் பானை போதும். சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் எண்ணெய் தடவி முக்கால் அளவு ஊற்றி, ஆவியில் 15 முதல் 18 நிமிஷம். மூடியில் துணி கட்டினால் தண்ணி சொட்டாது. குச்சி குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது. ஓவன் இருக்கிறவங்க 180 டிகிரியில் 20 நிமிஷம் வைக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு வெளியில் ஒரு நாள்தான் தாங்கும். பிரிட்ஜில் மூன்று நாள்.

இதைச் சாப்பிட்டால் ரத்தசோகை போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இந்த அரங்கில் பாதிப்பேர். அதற்குக் கீரை, பருப்பு, முட்டை, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் வேணும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. மஃபினோடு ஒரு கொய்யாப்பழம் வைங்க, அதிலுள்ள சி சத்து இரும்பு சேர உதவும். பிள்ளைக்கு எடுத்து வைக்கும்போது உங்களுக்கும் ஒன்று டிபன் பாக்ஸில் வைங்க. டீ டைமில் வெறும் டீயும் பன்னுமாக எத்தனை வருஷம் ஓட்டுவோம்?

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். "வீட்டிலேயே செய்யுங்க" என்று யார் சொன்னாலும் அந்த வேலை வந்து விழுவது நம்ம தலையில்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு இன்னொரு வேலையா? வேண்டாங்க. லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மூன்று வீடு சேருங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் மூன்று ஈடு எடுத்தால் 36. வீட்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த வாரம் அடுத்த வீடு. மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் உங்க முறை. சீட்டுப் போடுகிற நமக்கு முறை வைக்கத் தெரியாதா? அன்றைக்கும் மாவை நிறுக்கிறது பிள்ளைங்க வேலை. பழம் மசிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டுக்காரர் வேலை. ஆண் பிள்ளைக்கும் இதைக் கற்றுக்கொடுங்க.

நன்றாக வந்தால் விற்கலாமே என்று சில குழுக்கள் கேட்டீங்க. தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுத்தான் விற்கணும். முதல் ஆர்டர் நம்ம வீட்டு நாலு மணிப் பசிக்கு இருக்கட்டும்.