பெயர் பெற்ற முகங்கள்: டான், பாசா மக்களின் மரமுகமூடிகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



உருவமற்ற ஒன்றுக்கு மரத்தில் முகம் சமைக்கும் கலையை மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மக்கள் பல தலைமுறைகளாகப் பேணி வந்துள்ளனர். அவர்களுள் டான், பாசா என்னும் இரு இனத்தாரின் சடங்கு முகமூடிகள் பற்றியது இவ்வுரை. பத்தாண்டு நிறைவு காணும் கவிஞர் கூட்டத்திற்கு இப்பொருள் அயலானதன்று. ஒரு படைப்பு யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்னும் வினாவை அம்மர முகங்கள் எழுப்புகின்றன.

நிலமும் மக்களும்

டான் மக்கள் லைபீரியாவின் வடகிழக்கில் நிம்பா மாவட்டத்திலும், அதனை அடுத்த ஐவரி கோஸ்ட் நாட்டின் மேற்கே மான் நகரைச் சூழ்ந்த மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். லைபீரியாவில் கியோ என்றும், ஐவரி கோஸ்டில் யக்கூபா என்றும் அவர்களை அழைப்பர். அவர்தம் மொழி மாண்டே குடும்பத்தைச் சார்ந்தது. பாசா மக்களோ லைபீரியாவின் நடுக் கடற்கரைப் பகுதியினர். குரூ குடும்ப மொழியினர். 'வாஹ்' எனும் தனி எழுத்துமுறையும் உடையவர்.

சொல்லும் பொருளும்

'முகமூடி' என்னும் தமிழ்ச்சொல் மூடுவதை, அதாவது மறைப்பதைச் சுட்டுகிறது. டான் மொழியில் 'கிளே' என்றும், சில வட்டாரங்களில் 'கே' என்றும் வழங்கும் சொல் இதற்கு நேர்மாறானது. மறைந்திருந்தது வெளிப்பட்டு வந்ததையே அது குறிக்கும். மரத்துண்டு மட்டும் கிளே ஆகாது. முகம், தலையணி, இராஃபியா நாராடை, நடை, குரல், பெயர், உடன்வரும் பறையொலி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கிளே. மர முகமே இன்றி, இரவில் ஒலியாக மட்டும் தோன்றும் கிளேக்களும் உண்டு.

உலகெங்கும் 'டூ' என்னும் ஆற்றல் நிறைந்துள்ளதென்பது டான் மக்களின் நம்பிக்கை. அவ்வாற்றல் சில வேளைகளில் காட்டில் உறையும் ஆவியாக நின்று, ஊரில் மனிதரோடு வாழ விரும்பும். அதற்கு உடலில்லை. எனவே ஒருவர் கனவில் தோன்றித் தன் பெயரையும் ஆட்டத்தையும் இசையையும் கற்பித்து, தனக்கொரு முகம் வேண்டும் எனக் கேட்கும். கனவு கண்டவர் தாமே சென்று முகம் செய்துகொள்ள இயலாது. முதியோர் அவையில் கனவை எடுத்துரைக்க வேண்டும். அவை ஆராய்ந்து இசைந்த பின்னரே சிற்பியின் வாய்ச்சி மரத்தைத் தொடும்.

பச்சை மரத்தை வாய்ச்சியால் கொத்தி, கத்தியால் செதுக்கி, மேற்பரப்பை வழவழப்பாக்கி, கருமை ஏற்றுவர். நீள்வட்ட முகம், உயர்ந்த நெற்றி, சற்றே திறந்த இதழ்கள், மெல்லிய கீற்றாய் மூடிய கண்கள் என்பன டான் கலையின் நன்கறியப்பட்ட சாயல். சிற்பிகள் பெயரற்றவரல்லர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஸ்லான் என்பவர் முகங்களும் அகப்பைகளும் செதுக்கிப் பல ஊர்களிலும் புகழ் பெற்றவர்.

முகங்களின் தொழில்

ஒவ்வொரு கிளேக்கும் ஒரு தொழில் உண்டு. 'டெயாங்கிளே' என்பது இன்முகம், கீற்றுக்கண் உடையது. விருத்தசேதனச் சடங்கிற்காக ஊருக்கு வெளியே தங்கியிருக்கும் சிறுவர்களுக்கு, ஊர்ப் பெண்களிடம் வந்து உணவு கேட்டுப் பெற்றுச் செல்லும். 'டாங்காகிளே' பாடி ஆடி ஊரை மகிழ்விக்கும். 'குன்யே கே' ஓட்டப்பந்தய முகம். ஓடுபவருக்கு வழி தெரிய வேண்டுமாதலின் அதன் கண்கள் பெரிய வட்டத் துளைகளாக அமைந்தன. 'ஸக்பாய் கே' வறண்ட பருவத்தில் வலம் வந்து, காற்று எழுமுன் அடுப்புத் தீ அவிக்கப்பட்டதா எனப் பார்க்கும் தீக்காவல் முகம். கூரை வேய்ந்த குடிசைகள் நெருங்கிய ஊரில் அது விளையாட்டுத் தொழிலன்று. இவற்றிற்கெல்லாம் மேலாக, வழக்குத் தீர்க்கவும் ஊர்களுக்கிடையே மூண்ட சண்டையை நிறுத்தவும் வல்ல பெருமுகங்கள் இருந்தன.

கிளே பேசும் மொழி ஆவிகளின் மொழி. அது சாதாரண மனிதருக்குப் புரியாது. ஆதலின் உடன்வரும் ஒருவர் அதனை ஊராருக்கு விளக்கியுரைப்பார்.

பாசா மக்களின் முகமூடி அணியும் முறையால் வேறுபட்டது. அது ஆடுபவர் முகத்தை மூடுவதில்லை. நெற்றிக்கு மேல், ஒரு சட்டகத்தில் பொருத்தப்பட்டுச் சாய்வாக நிற்கும். அதன் கீழ்த் தொங்கும் துணியின் ஊடாகவே ஆடுபவர் வெளியே பார்ப்பார். பெண்முகமும், அடுக்கடுக்காய் எழுந்த கூந்தல் ஒப்பனையும் கொண்ட அது, வழுக்கிச் செல்வதுபோன்ற மென்னடையில் அரங்கேறும்.

பெண்முகமும் பெண்ணும்

இங்கு ஒரு முரணைக் கருத வேண்டும். முகம் பெண்ணுடையது, அணிபவர் ஆண். உள்ளே இருப்பவர் யாரென்று பெண்கள் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளலாகாது. சில முகங்கள் வெளிவருங்கால் அவர்கள் வீட்டினுள் அடங்கவும் வேண்டும். பெண்ணின் அழகு கொண்டாடப்பட்ட அளவிற்கு அவளுக்கு அவையில் இடம் தரப்பட்டதென்று கூறவியலாது.

எனினும் டான் பெண்களுக்கெனத் தனிச்சிறப்பு ஒன்று இருந்தது. ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் விருந்தோம்பலில் தலைசிறந்த பெண்ணொருத்தி போற்றப்பட்டாள். அவள் கையில் ஏந்தும் பெரிய மர அகப்பையின் காம்பில் முகமோ காலோ செதுக்கப்பட்டிருக்கும். ஆணுக்கு முகமூடி எவ்வாறோ அவ்வாறே பெண்ணுக்கு அகப்பை. அதிலும் ஆவியின் ஆற்றல் உண்டென்பர். வந்தோர்க்கு வயிறார உணவளித்தவளே அதனை ஏந்தத் தகுதி பெற்றாள்.

வடிவும் வாழ்வும்

அமெரிக்க மருத்துவப் பணியாளரான ஜார்ஜ் ஹார்லி, நிம்பாவிலுள்ள காண்டா ஊரில் பல்லாண்டு வாழ்ந்து முகமூடிகளைத் திரட்டினார். சமூக ஒழுங்கைக் காக்கும் கருவிகளாக அவற்றை விளக்கும் நூலை 1950இல் வெளியிட்டார். பின்னர் ஹன்ஸ் ஹிம்மல்ஹெபரும் எபர்ஹார்ட் ஃபிஷரும் 1976இல் ஜெர்மன் மொழியில் டான் கலை பற்றிய விரிவான நூலைத் தந்தனர். அவர்களது ஆய்வு உணர்த்தும் உண்மை சிந்தனைக்குரியது: வடிவை மட்டும் கண்டு ஒரு முகத்தின் தொழிலை உறுதியாகக் கூறவியலாது. ஏனெனில் முகத்திற்கும் வாழ்க்கை வரலாறு உண்டு. மகிழ்விக்க வந்த முகம், தன் செயலாலும் அணிந்தவரின் மதிப்பாலும் உயர்ந்து, காலப்போக்கில் நீதிமுகம் ஆகலாம். அணிபவர் மறைந்தால், அக்குடும்பத்தில் வேறொருவர் அதனை ஏற்பார், பெயர் தொடரும்.

ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் இன்று இருப்பவை பெரும்பாலும் மரம் மட்டுமே. நாராடை இல்லை, இசை இல்லை, பெயரும் பெரும்பாலும் இல்லை. பாசா முகத்தைச் சுவரில் நேர்நிமிர்த்தி மாட்டுங்கால் அது நோக்கிய திசைகூட மாறிவிடுகிறது. அழகு எஞ்சியிருக்கிறது என்பது மெய்யே. அவ்வழகு எதற்குப் பணி செய்தது என்பதே மறைந்துபோனது.

போரும் பொய்ம்முகமும்

1989 டிசம்பரில் லைபீரிய உள்நாட்டுப் போர் நிம்பா மாவட்டத்திலேயே தொடங்கியது. கியோ, மானோ இனத்தார் அரசுப் படையின் வெறிக்கு இலக்காயினர். இடையில் ஓய்ந்து மீண்டும் மூண்ட போர் 2003இல்தான் முடிவுற்றது. அப்போரில் ஆயுதமேந்திய இளைஞர் சிலர் பெண்களின் பொய்முடியும் கடைகளில் விற்கும் முகமூடிகளும் அணிந்து திரிந்தனர். ஸ்டீஃபன் எல்லிஸ் என்னும் வரலாற்றறிஞர் அப்போர் குறித்து 1999இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே முகமூடி என்னும் சொல்லை அமைத்தார்.

இரு வகை முகங்களையும் அருகருகே வைத்து நோக்கின் வேறுபாடு விளங்கும். ஊரின் கிளே அச்சமூட்டியதுண்டு, தண்டம் விதித்ததுமுண்டு. ஆயினும் அதற்குப் பெயர் இருந்தது. அதனை ஏற்ற அவை இருந்தது. அதன் சொல்லை ஊரார் முன் எடுத்துரைக்க ஒருவர் இருந்தார். தவறினால் அதன் மதிப்புக் குன்றும். போரில் அணியப்பட்ட முகத்திற்கோ பெயருமில்லை, அவையுமில்லை, கேட்பாருமில்லை. அது வெறும் மூடி. பழைய பெருமுகங்களுள் சில சண்டையை நிறுத்த வந்தவை என்பதை நினைக்க, இழப்பின் அளவு புலனாகும்.

கவிஞரும் கனவில் ஒன்றைக் கேட்டு, சொல்லில் அதற்கு முகம் தருபவரே. தம் குரலன்றி வேறொரு குரலில் பேசும் உரிமை அவருக்குண்டு. அவ்வுரிமையோடு ஓர் அவையும் இணைந்திருத்தல் வேண்டும்: படைத்ததைக் கேட்டு, வினவி, ஏற்கவும் மறுக்கவும் வல்ல அவை. திங்கள்தோறும் கூடிப் பாடலைக் கேட்டுப் பழுது கூறும் இத்தகைய வட்டங்களே அவ்வவை. பத்தாண்டுகள் அப்பணி நடந்தது. இனியும் தொய்வின்றி நடைபெறுக. வட்டம் வளர்க!