பண்புக்கூறு எல்லாம் மீத்தரவா?

(திருச்சிராப்பள்ளியில் ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



எச்டிஎம்எல் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஒட்டுக்குள் எழுதும் பண்புக்கூறு எல்லாம் மீத்தரவுதானே சார்?" மீத்தரவு என்றால் தரவைப் பற்றிய தரவு. "ஆமாம்மா, திரையில் தெரிவது தரவு, ஒட்டுக்குள் இருப்பது மீத்தரவு" என்று சொல்லிவிட்டேன். அது தவறான விடை.

அடுத்த வாரம் மாணவர்கள் திருவரங்கம் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்தார்கள். ராஜகோபுரப் படத்தின் 'ஆல்ட்' பண்புக்கூறில் 'படம் 1' என்று எழுதியிருந்தார்கள். நான் காட்டிய மாதிரி அப்படித்தான் இருந்தது. பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பான் வழியாக அந்தப் பக்கத்தைக் கேட்டார். "படம் ஒன்று" என்று ஒலித்தது. "கோபுரம் எங்கே சார்?" என்றார்.

'13 நிலைகளுடன் உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம்' என்று எழுதியிருந்தால், அவருக்கு அந்தச் சொற்களே கோபுரம். அது மீத்தரவு அல்ல, பாடமே அதுதான். அதே பக்கத்தில் 'லாங்' என்ற பண்புக்கூறு, உரை தமிழில் உள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்கிறது. அது உரையைப் பற்றிய செய்தி. ஆகவே அதை மீத்தரவு எனலாம்.

1998இல் வெளிவந்த எக்ஸ்எம்எல்லில், மாணவரின் வகுப்பைப் பண்புக்கூறாகவும் எழுதலாம், தனி உறுப்பாகவும் எழுதலாம். இரண்டிலும் செய்தி ஒன்றே. எழுதும் இடத்தை மட்டும் வைத்து மீத்தரவு என்று முடிவுசெய்ய முடியாது.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. திருவரங்கம் கோயில் கல்வெட்டுகள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதியாக அச்சில் வந்துள்ளன. கல்வெட்டு வாசகத்தோடு, அது எந்தச் சுவரில் உள்ளது என்ற குறிப்பும் உண்டு. தானச் செய்தியைப் படிப்பவருக்கு அந்தக் குறிப்பு மீத்தரவு. எந்தத் திருச்சுற்றில் எத்தனை கல்வெட்டுகள் என்று கணக்கெடுக்கும் மாணவருக்கோ அதுவே தரவு.

எனவே, "எது மீத்தரவு?" என்று ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். "யாருக்கு, எந்தப் பயனுக்கு?" என்றும் கேட்போம். மாணவர்கள் செய்த பக்கத்தை, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை அவர்களையே கேட்கச் சொல்வோம். எந்தப் பண்புக்கூறு விடுபட்டால் யாருக்கு எது கிடைக்காமல் போகிறது என்பது அப்போது புரியும்.

அந்த மாணவியிடம் மறுவாரமே என் விடையைத் திருத்திச் சொன்னேன். படத்துக்கான சொற்களை அவளே எழுதினாள். அந்த மாணவர் மறுபடியும் கேட்டார், இம்முறை கோபுரம் வந்தது.