பழைய சரக்கு வண்டி வாங்கலாமா?

(ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் காய்கறி பயிரிடும் விவசாயிகள் குழுவொன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இக்குழுவில் 20 குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்வதற்குச் சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். அடுத்த ஊரில் 2014-ஆம் ஆண்டில் பதிவான டாட்டா ஏஸ் ஒன்று, அதாவது நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயரிட்டு அழைக்கும் வண்டி, விலைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் கேட்பது ரூ. 1,80,000. எஞ்சினில் சிறிது வேலை இருக்கிறதென்றும், கேஸ்கெட் மாற்றினால் போதுமென்றும் அவர் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, விட்டுவிடலாமா என்று கேட்டு என்னை இங்கே அழைத்திருக்கிறீர்கள்.

வண்டியைப் பற்றிப் பேசுமுன் நம் மூட்டைகளைப் பற்றிப் பேசுவோம். நம்மில் பலர் வண்டியைப் பார்த்தவுடன் மனத்தைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அதற்குத் தீனி போடச் சுமை இருக்கிறதா என்று தேடுகிறோம். இங்கிருந்து சந்தைக்குச் சென்று திரும்ப 44 கிலோமீட்டர். வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு ரூ. 900 கொடுக்கிறீர்கள். சொந்த வண்டியானால் ஒரு நடைக்கு என்ன ஆகும்? லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும், டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், டீசலுக்குச் சுமார் ரூ. 260. ஓட்டுநருக்கு ரூ. 300. டயர், எண்ணெய், சில்லறைப் பழுதுகளுக்காக ரூ. 100 ஒதுக்க வேண்டும். ஆக ரூ. 660. நடைக்கு ரூ. 240 மிச்சம்.

ஆனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலுத்தியாக வேண்டிய காப்பீடு, வரி, ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுவதற்காக டிங்கரிங், பெயிண்ட் முதலியவற்றிற்கு ஆகும் செலவு ஆகியவற்றை ஆண்டுக்கு ரூ. 36,000 என்று கொள்வோம். 150 நடை ஓடினால் மிச்சமெல்லாம் அதற்கே சரியாகிவிடும். 300 நடை ஓடினால்தான் ஆண்டுக்கு ரூ. 36,000 கையில் நிற்கும். வண்டிக்கும் எஞ்சின் வேலைக்குமாக ரூ. 2,40,000 போட்டால், அது திரும்பி வர ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! ஏற்கெனவே பத்தாண்டுகளைக் கடந்துவிட்ட வண்டி இன்னும் ஏழாண்டு தொந்தரவின்றி உழைக்கும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார்.

அப்படியானால் வேண்டாமென்று சொல்கிறேனா? இல்லை. திரும்பும்போது வண்டி காலியாக வருகிறதல்லவா? அதில்தான் இருக்கிறது விடை. உரம், தவிட்டு மூட்டை, பருத்திக்கொட்டை ஆகியவற்றை உங்கள் குடும்பங்கள் தனித்தனியே வாடகை கொடுத்துக் கொண்டுவருகின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரும்புகாலில் ரூ. 300 பெறுமான சுமை கிடைத்தாலும், ஆண்டுக்கு ரூ. 45,000 ஆகிறது. முன்னதோடு சேர்த்தால் ரூ. 81,000. போட்ட பணம் மூன்றாண்டில் வந்துவிடும். ஆகவே வண்டி நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதைத் தீர்மானிப்பது திரும்புகாலே. யார் வீட்டுக்கு மாதம் எத்தனை மூட்டை வருகிறதென்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். இந்தக் கணக்கைத் தாய்மார்களிடம் ஒப்படைப்பது நலம். தீவனம் வாங்கும் வரவு செலவு அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

அடுத்து ஆவணங்கள். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே இவற்றைப் பார்க்க வேண்டும். கெட்ட எஞ்சினைப் பட்டறையில் சரி செய்துவிடலாம். கெட்ட ஆவணத்தைச் சரி செய்யப் பட்டறை கிடையாது. பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முன்னரே வேறு எஞ்சின் பொருத்தி அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றமும் தகுதிச் சான்றும் தடைப்படும். கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் நீடிக்கிறதா என்று பாருங்கள். நீடித்தால், அந்நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் படிவம் 35-உம் இன்றி ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. சரக்கு வண்டிக்கு எட்டாண்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது விதி. இந்த வண்டியின் சான்று காலாவதியாகியிருந்தால், அதைப் புதுப்பிக்கும் செலவு நம் தலையில் விழும். செலுத்தப்படாத அபராதங்களையும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை அதற்கானவை. “பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாம்” என்னும் பேச்சு நம் கிராமங்களில் மிகவும் சாதாரணம். அதனால் விளையும் கேடோ சாதாரணமானதன்று. விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தத் தீர்ப்பு நமக்கும் ஒரு செய்தி சொல்கிறது. 20 குடும்பங்கள் பணம் போட்டு வாங்கும் வண்டியை ஒருவர் பெயரில் பதிந்தால், சட்டத்தின் கண்ணில் அது அவர் ஒருவருடைய வண்டி. ஆதாயம் 20 பேருக்கு, வழக்கு ஒருவருக்கு என்றாகிவிடும். அவர் காலமானால் வண்டி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மற்ற 19 குடும்பங்கள் வாசலில் நிற்கும். எனவே குழுவை முறைப்படி பதிவு செய்துகொண்டு, அதன் பெயரிலேயே வாங்குங்கள். பதிவுக்கு ஓரிரு மாதம் ஆகுமென்றால் ஆகட்டும். இந்த வண்டி போனால் வேறு வண்டி வரும்.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். ‘எஞ்சின் வேலை’ என்னும் இரு சொற்களுக்குள் மூன்று விதமான செலவுகள் ஒளிந்திருக்கின்றன. ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்துவது ஒன்று. பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது மற்றொன்று. எஞ்சினையே இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து, கிராங்கை லேத்துப் பட்டறையில் கடைந்து, முழுவதும் புதிதாகக் கோப்பது மூன்றாவது. முதலாவதற்கு ஆகும் தொகையைப் போல மும்மடங்கு, நான்மடங்கு மூன்றாவதற்கு ஆகக்கூடும். விற்பவர் எப்போதும் முதலாவதைத்தான் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. ஹெட்டைக் கழற்றாதவரையில் அவருக்கும் தெரியாது.

ஆயினும் கழற்றாமலே ஓரளவு தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. புகை முதலில் பேசும். கரும்புகை வந்தால் டீசல் அதிகமாக எரிகிறது அல்லது காற்றுப் போதவில்லை; பெரும்பாலும் இன்ஜெக்டரையும் ஏர் பில்டரையும் கவனித்தால் தீரும். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது; ரிங் அல்லது வால்வுக் குழாய் தேய்ந்திருக்கிறது. வெண்புகை குளிர்ந்த காலையில் சற்று நேரம் வந்து மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சின் சூடான பிறகும் நீங்காமல் வந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதோ என்று ஐயுற வேண்டும்.

எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது மட்டுமே திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் ஓயாது குமிழிகள் கிளம்புகின்றனவா என்று காணலாம். குமிழி வந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டே வெடித்திருக்கிறது. இவ்வளவும் கேஸ்கெட் என்ற சொல்லோடு ஒத்துப்போகும் அடையாளங்கள்.

ஒத்துப்போகாத அடையாளம் ஒன்றுண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், அங்கிருந்து புகை குபுகுபுவென்று விட்டுவிட்டு அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால், எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்பது அதன் பொருள். அப்போது கேஸ்கெட் கதையை மறந்துவிட்டு முழு எஞ்சின் வேலையை மனத்தில் கொள்ள வேண்டும். சுமை ஏறும்போது அடியிலிருந்து ‘டக் டக்’ என்று கனத்த ஓசை கேட்டாலும் அப்படியே. இந்த வண்டியில் இருப்பது 702 கன செண்டிமீட்டர், இரண்டே சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின். மெக்கானிக் இரு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் மானி வைத்துப் பார்த்தால், எது சோர்ந்திருக்கிறதென்று தெரிந்துவிடும். இதற்கு முன் போர் செய்திருக்கிறார்களா, எத்தனை முறை என்றும் கேளுங்கள். சிலிண்டரை விரும்பிய அளவெல்லாம் கடைந்துகொண்டே போக முடியாது.

பழைய வண்டியில் இந்த வேலைகளை நம் பக்கத்துப் பட்டறையிலேயே செய்யலாம் என்பது ஒரு வசதி. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் கணினி இணைத்துப் பார்க்க வேண்டிய பாகங்கள் மிகுதி.

சரி, என்ன விலை கொடுக்கலாம்? நல்ல ஓட்டத்தில் உள்ள அதே வயது வண்டி ரூ. 2,40,000-க்குக் கிடைக்கிறதென்று விசாரித்திருக்கிறீர்கள். முழு எஞ்சின் வேலைக்கு ரூ. 60,000 ஆகுமென்று மெக்கானிக் மதிப்பிட்டிருக்கிறார். பட்டறைக்குப் போன வண்டியில் கிளட்ச், ரேடியேட்டர், பம்பு என்று ஏதாவது ஒன்று தலைகாட்டாமல் இராது, அதற்கு ரூ. 20,000. இரண்டையும் கழித்தால் ரூ. 1,60,000. அதுதான் உச்ச வரம்பு. கேட்கும் விலையைக் கொடுத்தால், பாடும் நம்முடையது, நல்ல வண்டியின் விலையும் நம்முடையது.

“புதிதாகக் கோத்த எஞ்சின் நம்மிடம் இருக்குமே, வெளியில் வாங்கும் வண்டியின் எஞ்சின் ஆறு மாதத்தில் போகாதென்று யார் கண்டது?” என்று இங்கே ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காக ஐந்தோ பத்தாயிரமோ கூடக் கொடுக்கலாம். ஆனால் லேத்து வேலையின் ரசீதும் பாகங்களின் ரசீதும் நம் கையில் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

ஆகவே உரிமையாளரிடம் நான் சொல்லச் சொல்வது இது: ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் கூலியையும், மீண்டும் பொருத்தும் செலவையும் நாங்கள் ஏற்கிறோம், பார்த்த பிறகு விலை பேசுவோம். ஒப்புக்கொண்டால் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், முழு வேலை இருக்கிறதென்றே கருதி, நம் வரம்பைச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வண்டி கைக்கு வந்தபின் ஒன்று. இவ்வகை வண்டி முக்கால் டன் அளவுக்கே செய்யப்பட்டது. 14 கிலோ தக்காளிப் பெட்டியானால் 50 பெட்டி. அதற்கு இரு மடங்கு ஏற்றியே பல குட்டி யானைகளின் எஞ்சினை நம்மவர்கள் கொன்றிருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஆள் ஏற்றுவதும் கூடாது. சரக்கின் உரிமையாளருக்கு உள்ள காப்பீட்டுப் பாதுகாப்பு, வெறுமனே ஏறி உட்காருபவருக்குக் கிடையாது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மெக்கானிக் நேரே அடுத்த ஊருக்கு வந்துவிடுவார். அன்று அவர் வரும் வரையில் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாமென்று உரிமையாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஆர்.சி.யின் நகலைக் காட்டுவார்; அசலை எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.