நாளைக்கு ஏன் லீவு?
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். 'நாளைக்கு ஏன் லீவு?' பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லி இதை முடித்துவிடுகிறோம். மொகரம், மகாவீர் ஜெயந்தி, புனித வெள்ளி என்று பெயர் காதில் விழுந்ததும் பிள்ளையும் விளையாடப் போய்விடுகிறது. அந்த நாள் யாருடையது, ஏன் அந்தத் தேதியில் வந்தது, அன்றைக்கும் வேலைக்குப் போகிறவர் யார் என்ற மூன்றையும் நாம் சொல்வதே இல்லை. சமூகம் என்றால் என்ன என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல, விடுமுறைப் பட்டியலைவிட நல்ல பாடப்புத்தகம் நம்மிடம் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது அதுதான்.

1. பட்டியல் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலைத் தமிழக அரசு வெளியிடுகிறது. அதற்கு அடிப்படை, 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். காசோலை, கடனுறுதிச் சீட்டு போன்றவற்றுக்கான சட்டம் அது. பணம் தரவேண்டிய தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதனால் எவையெல்லாம் விடுமுறை என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. பொங்கலும் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் ஒரே தாளில் வரிசையாக நிற்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு இருக்கிறது.

பட்டியலில் ஏப்ரல் 1 என்று ஒரு நாள் உண்டு. வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக, வங்கிகளுக்கு மட்டும். பணம் போட, எடுக்க வருகிறவர்களுக்குத்தான் அன்று கதவடைப்பு. உள்ளே ஊழியர்கள் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு விடுமுறையாக இருக்கும் நாள் இன்னொருவருக்கு வேலை நாள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இங்கிருந்தே தொடங்கலாம்.

2. கதிரவன் கணக்கு, நிலவுக் கணக்கு

'கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25-தானே, தீபாவளி மட்டும் ஏன் மாறுது?' என்று கேட்காத பிள்ளை இல்லை. இது அறிவியல் பாடத்தின் வாசல்.

பொங்கல் கதிரவன் கணக்கு. தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-இல் வந்துவிடும். ரம்ஜான் நிலவுக் கணக்கு. பிறை பார்த்து மாதம் பிறக்கிறது. தமிழகத்தில் பிறை தெரிந்ததைத் தலைமை காஜி அறிவிக்கிறார். பன்னிரண்டு நிலவு மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்தான். அதனால் ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. இப்படியே நகர்ந்து எல்லாப் பருவங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆகும். கொளுத்தும் கோடையில் நோன்பு வைத்த தாத்தா மார்கழிக் குளிரிலும் வைத்திருப்பார். அவரிடமே பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

தீபாவளி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ரம்ஜானைப் போலவே பின்வாங்கிக்கொண்டு வந்தது, 2026-இல் திடீரென்று நவம்பர் 8-க்குத் தாவுகிறது. நிலவின் தேய்பிறையைப் பார்த்து நாள் குறித்தாலும் ஐப்பசி என்ற கதிரவன் மாதத்தோடு கட்டிவைத்திருப்பதால் ஓர் எல்லைக்கு மேல் அது ஓட முடியாது. புனித வெள்ளிக்கும் இப்படி ஒரு கட்டு உண்டு. மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு முந்தைய வெள்ளி புனித வெள்ளி. 2024-இல் மார்ச் 29-ஆகவும் 2025-இல் ஏப்ரல் 18-ஆகவும் வந்தது அதனால்தான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்பாடு வேண்டாம். நான்கு ஆண்டு நாள்காட்டிகளைத் தரையில் விரித்து, ஒவ்வொரு பண்டிகையையும் வட்டமிடச் சொன்னால் போதும். எது நிற்கிறது, எது நகர்கிறது, எது நகர்ந்து திரும்புகிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லா மதத்தாரும் ஒரே வானத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் மனத்தில் பதியும்.

3. எல்லா விடுமுறையும் கொண்டாட்டமா?

புனித வெள்ளியன்று கிறிஸ்தவ நண்பருக்கு 'ஹேப்பி' போட்டு வாழ்த்து அனுப்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டதை நினைந்து நோன்பிருக்கும் நாள் அது. மொகரம், கி.பி. 680-இல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைவுகூரும் நாள். ஷியா பிரிவினர் துக்கம் காக்கிறார்கள். சுன்னிகளில் பலர் நோன்பு வைக்கிறார்கள். தஞ்சாவூருக்கு அருகே காசவளநாடு புதூரில் இந்துக்களே மொகரத்தை ஊர் விழாவாக நடத்துகிறார்கள். துக்கத்துக்கும் விடுமுறை உண்டு, அந்தத் துக்கத்தில் பக்கத்து வீட்டாருக்கும் இடமுண்டு என்பது சிறு பிள்ளைக்குப் புரியாத செய்தி அன்று. தாத்தா செத்த வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று அதற்குத் தெரியும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. சமணரின் மகாவீர் ஜெயந்தி என்றால் 'சேட்டுங்க பண்டிகை' என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது பிழை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர்கள் இங்கே உழவு செய்து வாழ்ந்துவருகிறார்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில் சமணத் துறவியருக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்ததைச் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஒரு சமூகத்தை 'வெளியூர்க்காரர்' என்று வகுப்பறையில் ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையின் மனத்திலிருந்து அதை எடுக்கப் பல காலம் ஆகும்.

4. கேட்டுப் பெற்ற நாள்கள்

ஞாயிற்றுக்கிழமை லீவு வானத்திலிருந்து வந்ததா? பம்பாய்ப் பருத்தி ஆலைத் தொழிலாளர்கள் வாரம் முழுவதும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே 1884-இல் அவர்களைத் திரட்டி, வாரம் ஒருநாள் ஓய்வு கேட்டார். 1890 ஜூன் 10-இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு ஓய்வுக்கு இசைந்தார்கள். இன்று பிள்ளைகள் ஞாயிறன்று கிரிக்கெட் விளையாடுகிறார்கள் என்றால் அதில் அந்தத் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு.

மே தினத்துக்கும் நம் ஊருக்கும் நேரடி உறவு இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக மே நாளைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923-இல், சென்னைக் கடற்கரையில். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்களே, தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த உழைப்பாளர் சிலை 1959-இல் வந்தது. சுற்றுலா போகும் பிள்ளைகள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூடப் போகும் ஆசிரியர் மே 1-இன் கதையையும் சொன்னால் அந்தப் பயணம் பாடமாகிவிடும்.

5. ஊருக்கு ஒரு நாள்

மாநிலப் பட்டியலில் இல்லாத விடுமுறைகளும் உண்டு. மதுரையில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாள், திருவாரூரில் ஆழித்தேர், தஞ்சாவூரில் இராசராசனின் சதய விழா, நாகப்பட்டினத்தில் நாகூர்க் கந்தூரி, கன்னியாகுமரியில் கோட்டாறு சவேரியார் திருவிழா. ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். கூடவே அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி நடக்கும் என்பதும் வரும். உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராததால் வங்கிகள் அன்று திறந்திருக்கும்.

தன் ஊரின் விடுமுறையைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால் பிள்ளை யாரிடமாவது கேட்டாக வேண்டும். நாகூர்ப் பிள்ளை கேட்டால், தர்காவின் உயர்ந்த மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்று யாராவது சொல்வார்கள். மனோரா தினமும் கண்ணில் படுவதால் அந்தச் செய்தி மறக்காது.

வார ஓய்வும் எல்லோருக்கும் ஞாயிறு இல்லை. பல ஊர்களில் சலூன்களுக்குச் செவ்வாய். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். மீன் பெருகட்டும் என்று கடலுக்கு விடும் ஓய்வு அது. படகில் கூலிக்குப் போகிறவருக்கு அது வருமானம் நின்றுபோகும் காலமும்கூட. ஓய்வு எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் பிள்ளைகள் அறியவேண்டும்.

6. அன்றைக்கும் வேலை

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். பேருந்தை ஓட்டுகிறவருக்குப் பொங்கல் எங்கே? தீபாவளிக்கு மறுநாள் தெருவில் குவிந்த பட்டாசுக் குப்பையை அள்ளுகிறவர் யார்? 108 ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனைச் செவிலியர், மின்வாரியத் தொழிலாளி, பால் வண்டி என்று வரிசை நீளும். மாட்டுப் பொங்கலன்றும் மாட்டிடம் பால் கறந்தாக வேண்டும்.

தொழில் நிறுவனங்களில் வேலை செய்வோருக்காகத் தமிழ்நாட்டில் 1958-இல் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், மேலும் ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. இந்தச் சட்டம் எட்டாத வேலைகளும் நிறைய உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பண்டிகை நாளில்தான் பாத்திரம் அதிகம். அவருடைய பிள்ளை நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

7. ஆசிரியர்களுக்கு

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும் 'என்ன டிரஸ் எடுத்தீங்க, எத்தனை ரூபாய்க்குப் பட்டாசு வெடிச்சீங்க?' என்று கேட்காதீர்கள். எதுவும் வாங்காத பிள்ளைக்கு அந்தக் கேள்வி தண்டனை. 'லீவில் யாரைப் பார்த்தீங்க? யார் வேலைக்குப் போனாங்க?' என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் பதில் இருக்கும்.

இரண்டாவது, 'நாம் பொங்கல் கொண்டாடுகிறோம், அவர்கள் ரம்ஜான் கொண்டாடுகிறார்கள்' என்று பாடம் எழுதாதீர்கள். வகுப்பில் 'அவர்கள்' என்று யாரும் இல்லை. உழவர் கொண்டாடுகிறார்கள், இசுலாமியர் கொண்டாடுகிறார்கள் என்று பெயர் சொல்லியே எழுதலாம்.

மூன்றாவது, புராணக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். கதை பிள்ளைக்கு வேண்டும், சொல்லுங்கள். அதோடு யாருடைய நாள், ஏன் இந்தத் தேதி, இன்று யார் உழைக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு விடுமுறைக்கு முந்தின நாள் கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் போதும்.

வரும் ஆண்டின் பட்டியல் வெளியானதும் அதை அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்குங்கள். அந்த நாளைப் பற்றி அது விசாரித்து வந்து வகுப்புக்குச் சொல்லட்டும். அப்படிச் சொல்லிப் பழகிய பிள்ளை வளர்ந்தபின் பக்கத்து வீட்டுப் பண்டிகையைச் சந்தேகத்தோடு பார்க்காது.