மருது பாண்டியர்: கதையும் கணக்கும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் ஜான் ஹென்றி என்று ஒரு நாட்டுப்புற வீரன். ரயில் சுரங்கம் குடையும் நீராவி யந்திரத்தோடு போட்டி போட்டு, சம்மட்டியாலேயே ஜெயித்து, அங்கேயே உயிரை விட்டான் என்று பாட்டுப் பாடுவார்கள். ஸ்காட் நெல்சன் என்கிற வரலாற்றுப் பேராசிரியர் சிறைப் பதிவேடுகளைப் புரட்டி, அவன் வர்ஜீனியா சிறையிலிருந்து சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு கைதி என்று 2006-ல் புத்தகம் எழுதினார். அதைப் படித்தபோது, நம் சீமைக் கதையையும் இப்படிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

காளையார்கோவில் பெரிய கோபுரத்துக்கு, மானாமதுரையிலிருந்து ஜனங்கள் வரிசையாய் நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். நாம்தான் இஞ்சினியர்களாயிற்றே, கணக்குப் போடாமல் இருப்போமா? நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். மீட்டருக்கு ஒருவர் என்றால் 25,000 பேர். ஒரு கை மாற 2 விநாடி என்றால், முதல் செங்கல் வந்து சேரவே 14 மணி நேரம்! மாட்டுவண்டி இருக்கும்போது யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். ஆனால் மருது கூப்பிட்டால் 25,000 பேர் வந்து நிற்பார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள் பாருங்கள், அதைத் தள்ளிவிட முடியாது.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் 1801-ல் கிடைக்கிறது. அந்த ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூவின் படை நம்ம காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள சிறுவயலுக்கு வந்தது. சின்ன மருது வாழ்ந்த ஊர். எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று அவர்களே ஊரைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி ரோடு போட ஆரம்பித்தான் வெள்ளைக்காரன். பகலில் மரம் வெட்டணும், நாலு பக்கமும் தாக்குதலைச் சமாளிக்கணும். ஒரு மாசம் மல்லுக்கட்டியும் முடியவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வேலையைக் கைவிட்டுத் திரும்பிப் போனார்கள். பீரங்கி வைத்திருந்த கம்பெனியால் சில மைல் ரோடு போட முடியவில்லை!

பிறகு எப்படி ஜெயித்தார்கள்? செப்டம்பர் 12-ந் தேதி சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லபரை ஜமீன்தாராக்கினார்கள். சீமை இரண்டுபட்டது. அக்டோபர் 1-ந் தேதி மூன்று பக்கமும் படை நுழைந்தது. காளையார்கோவில் அதிக எதிர்ப்பில்லாமல் விழுந்தது. கோடாலியால் ஆகாததைப் பிரிவினை செய்துவிட்டது.

கோவிலை இடித்துவிடுவோம் என்று மிரட்டியதால் மருதிருவர் தாமே சரணடைந்தார்கள் என்பது கதை. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் வேறு மாதிரி எழுதுகிறார். தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்த சின்ன மருதுவை மிருகத்தைப் போல வேட்டையாடிப் பிடித்தார்களாம். தொடை முறிந்து கிடந்தாராம். 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே அவரைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. முப்பது வயசுக்குச் சற்று மேலேதான் இருக்கும், கிழவராகத் தெரிந்தார்.

தம்பிகளே, கதையைக் கேலி செய்யாதீர்கள். அதோடு நின்றுவிடவும் செய்யாதீர்கள். கோபுரக் கதை எல்லாருக்கும் தெரிகிறது. சிறுவயல் ரோட்டுக் கதை தெரியவில்லை. 1801 ஜூன் 16-ல் திருச்சிக் கோட்டைச் சுவரில் சின்ன மருது ஒட்டிய அறிக்கை, எல்லாச் சாதியாரையும் ஒன்றுசேரத்தான் கூப்பிட்டது. இன்றைக்கு அவரை ஒரு சாதிக்குள்ளே அடைக்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த லீவுக்குச் சிறுவயலுக்கும் காளையார்கோவிலுக்கும் ஒருதரம் போய்வாருங்கள், பஸ்ஸிலேயே போய்விடலாம்.